ஆளில்லாத இருக்கையை வரைந்தவருக்கு

லண்டன் பிளேஸ்டோவின் இந்த மண்டபத்தில், மேலங்கியைக் கூடக் கழற்றாமல் அமர்ந்திருக்கும் தமிழ்ப் பெருமக்களே!

மறைந்த ஓர் ஓவியரைப் புகழ்வதற்காக நம்மை இங்கே கூட்டியிருக்கிறார்கள். கூட்டம் கலைந்ததும் அவருடைய படைப்பைக் கெடுக்கப் போகிறார்கள். என் வலப்புறச் சுவரில் திரையிட்டு மூடியிருக்கும் ஓவியத்தில் ஓர் இருக்கை வெறுமையாக இருக்கிறது. அந்த வெறுமையின்மேல் வண்ணம் பூசி, நம் புதிய செயலாளரை அதில் அமர்த்துவதென்று சங்கச் செயற்குழு முடிவெடுத்துவிட்டது. அந்த இருக்கை யாருடையது, அது ஏன் வெறுமையானது என்பதை இந்த அவைக்கு எவரும் சொல்லவில்லை. இதுவே என் முறையீடு.

பத்து நிமிட இரங்கலுரை கேட்டார்கள். நான் உரை எழுதவில்லை. மறைந்தவருக்கே ஒரு மடல் எழுதினேன். அதை உங்கள் முன்னிலையில் படிக்கிறேன். முடியும்வரை என்னை நிறுத்தாதீர்கள்.

நண்பரே,

இன்று காலை மண்டபக் கதவைத் திறந்ததும் உங்கள் மணம் என்னை எதிர்கொண்டது. ஆளிவிதை எண்ணெயின் கனத்த மணம். வண்ணம் கரைக்கும் தைலத்தின் மூக்கைக் கடிக்கும் நெடி. உங்களைத் தீயிடம் ஒப்படைத்து ஐந்து திங்கள் ஆகின்றன. கதவுப் பிடியை விடாமல் அங்கேயே நின்றேன். பிறகுதான் திரைக்குப் பின்னால் மடக்கு ஏணியைக் கண்டேன். தரையில் செய்தித்தாள் விரித்திருந்தது. உறை பிரிக்காத மூன்று தூரிகைகள், ஒரு தைலக் குப்பி. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஒருவர் கைகளைத் துடைத்தபடி வந்தார்.

“பயப்பிடாதேங்கோ ஐயா, கூட்டம் முடிஞ்சாப் பிறகு ஒரு மணித்தியால வேலை. அந்தக் கதிரையில ஆளை இருத்திப் போட்டுப் போயிடுவன்.”

அவர்மேல் எனக்குச் சினமில்லை. அவருக்கு ஒளிப்படம் ஒன்றைக் கொடுத்து, இந்த முகத்தை இந்த இடத்தில் வை என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் நம் தலைவர். அவர் என்னை ஓரமாக அழைத்துத் தோளில் கை வைத்தார். “மாஸ்டர், படத்தைப் பற்றி மட்டும் கதைக்க வேண்டாம், என்ன? நல்ல மனுசன், கடும் உழைப்பாளி எண்டு சொல்லி முடியுங்கோ. உங்களுக்கும் ஒரு நல்ல செய்தி இருக்கு. படத்தில உங்கட கண்ணையும் திறந்து விடச் சொல்லியிருக்கு.”

என் கண்ணைத் திறந்து விடுகிறார்களாம்! நான்கு ஆண்டுகளுக்கு முன் உங்களிடம் நானே இரந்து கேட்டது அது. நீங்கள் மறுத்தீர்கள். இன்று கேளாமலே தருகிறார்கள்.

நாம் முதலில் கண்டது அப்டன் பார்க்கில், கிறீன் ஸ்ட்ரீட்டுத் தமிழ்க் கடையொன்றில். பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த சீனர் ஒருவர் திரும்பி, “அண்ணை, அந்த முருங்கைக்காயை விடுங்கோ, அது முந்தநாள் வந்தது. இதை எடுங்கோ” என்றார். நான் வியப்பை மறைத்துக்கொண்டு, தங்கள் தமிழ் கேட்டு உள்ளம் குளிர்ந்தது என்று செந்தமிழில் செப்பினேன். நீங்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள்.

“இந்தத் தமிழ் எங்கட கடையில இல்லை, அண்ணை. எங்க விக்கினம்?”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். என் தமிழைக் கேட்டு எவரும் அதுவரை என் எதிரில் சிரித்ததில்லை.

சீனத்தின் வடபுல நகரொன்றில் ஓவியக் கல்லூரி ஆசிரியராக இருந்தவர் நீங்கள் என்பதையும், இந்தத் தமிழைக் கடை வேலையிலேயே கற்றீர்கள் என்பதையும் கடைக்கு மேலிருந்த உங்கள் அறைக்கு வந்த பிறகே அறிந்தேன். வடக்கு நோக்கிய ஒற்றைச் சன்னல். கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் துணிச்சட்டங்களை நிறுத்தியிருந்தீர்கள்.

முதலில் காட்டியது விருந்து ஓவியம். வட்ட மேசை, ஒளிவிளக்குகள், பத்து அதிகாரிகள், பத்து மதுக்கிண்ணங்கள்.

“எங்கட ஊரில பெரியாளோட கோப்பை முட்டேக்க எங்கட கோப்பை கொஞ்சம் பதிவா இருக்கோணும். அதுதான் மரியாதை” என்று விளக்கினீர்கள். “சரி, பத்துப் பேரும் மரியாதை தெரிஞ்ச ஆக்கள் எண்டா என்ன நடக்கும்?”

நடந்ததைத் துணியில் கண்டேன். ஒருவர் கிண்ணத்தைத் தாழ்த்த, மற்றவர் அதனினும் தாழ்த்த, பத்துப் பேரும் மேசைக்கடியில் வயிறு தரையில் படக் கிடந்தார்கள். கிண்ணங்கள் கம்பளத்தில் அழுந்தியிருந்தன. முகங்களில் மட்டும் விருந்தின் புன்னகை மாறவில்லை. நிமிர்ந்து நின்றவள் மீன் தட்டு ஏந்திய பணிப்பெண் ஒருத்திதான். மேசையில் பரிமாறுவதற்கு ஆளில்லை.

“எங்கட விளக்கேற்றலைப் பாக்கேல்லையோ நீர்?” என்று சிரிப்பினூடே கேட்டேன். ஒரு குத்துவிளக்கை ஏற்றப் பதினான்கு பெருமக்களை அழைப்பதையும், ஐந்து திரியும் எரியத் தொடங்கிய பின்னர் வந்த ஒன்பது பேர் எரிகிற சுடரிலேயே மெழுகுதிரியைக் காட்டிவிட்டு இறங்குவதையும், யார் முன்னே யார் பின்னே என்று ஆறு கிழமை நடக்கும் பூசலையும் நானே எடுத்துச் சொன்னேன். நீங்கள் குறிப்பேட்டை எடுத்தீர்கள். “திரும்பச் சொல்லுங்கோ” என்றீர்கள். உங்களை நம் மேடைக்கு அழைத்துவந்தவன் நான்தான் என்பதை அவை அறியட்டும்.

அடுத்துச் சுவரோரம் திருப்பி வைத்திருந்த பெரிய சட்டத்தைப் புரட்டினீர்கள். ஒரு மாநாட்டு மேடை. நான்கு வரிசை மனிதர்கள். எல்லாருக்கும் ஒரே பொம்மைச் சிவப்பு முகம். ஒவ்வொருவர் முன்னும் மூடியிட்ட வெள்ளைத் தேநீர்க் குவளை. எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

“என்ன தெரியுது, அண்ணை?”

“ஒற்றுமை” என்றேன்.

நீங்கள் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, வண்ணப் பெட்டியின்மேலே உட்கார்ந்துவிட்டீர்கள். “ஓம். கடும் ஒற்றுமை” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்றாம் வரிசையைக் காட்டினீர்கள். அங்கே ஓர் இருக்கை வெறுமையாக இருந்தது. அதன்முன் இருந்த குவளைக்கு மட்டும் மூடியில்லை. தேநீரிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

அந்த இருக்கைக்கு உரியவர் உங்களோடு கற்பித்தவர். மாணவர் விடுதியின் கூரை இடிந்து விழுந்ததையடுத்து, புதிய கட்டடம் எழுப்பித் திறப்பு விழா நடத்தியிருக்கிறார்கள். அந்த விழாவில் அவர் எழுந்து, பழைய கூரைக்கு ஒப்பமிட்டது யார் என்று கேட்டிருக்கிறார். மேடைத் தலைவர், கேள்வி முடிந்த பாவனையில் கைதட்டத் தொடங்கினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

“நானும் தட்டினன், அண்ணை. கை நோகத் தட்டினன். ஆர் முதல்ல நிப்பாட்டுறது எண்டு ஒருத்தருக்கும் தெரியேல்லை. அடுத்த நாள் கதிரை இருந்தது. ஆள் இல்லை.” இரண்டாம் வரிசையில் நான்காம் முகத்தின்மேல் விரலை வைத்தீர்கள். “இது நான்.”

மற்ற முகங்களுக்கும் அதற்கும் வேறுபாடு காணமுடியவில்லை. அந்தச் சிவப்பைப் பற்றிக் கேட்டேன். நீங்கள் பிள்ளையாக இருந்தபோது தெருச் சுவர்களில் ஒட்டிய படங்களிலெல்லாம் உழவனுக்கும் படைவீரனுக்கும் அந்தக் கன்னந்தானாம். பசி என்பதே அறியாத கன்னம். கல்லூரியில் உங்களுக்குக் கற்பித்ததும் அதே கன்னந்தான்.

“நான் ஒண்டும் புதுசாச் செய்யேல்லை. அவை சொல்லித் தந்தபடிதான் கீறினன். கொஞ்சம் கூடச் சந்தோசமாக் கீறிப் போட்டன். அவ்வளவுதான்.”

உங்கள் தலைமுறை ஓவியர் பலரும் இப்படித்தான் என்றீர்கள். புகழ்வதற்காகப் பழக்கிய கையாலேயே பழித்தார்கள். பின்னர், எவரைப் பழித்தார்களோ அவர்களே அந்த ஓவியங்களை வாங்கி வரவேற்பறையில் மாட்டினார்கள். விருந்துக்கு வந்தவர்களுக்குக் காட்டிச் சிரித்தார்கள். நீங்கள் நாட்டை விட்டது அப்போதுதான். “தடை செய்திருந்தா இருந்திருப்பன். மாட்டி வைச்சுச் சிரிச்சா என்ன செய்யிறது?” என்று கேட்டீர்கள்.

நம் பழைய இலக்கணம் இதற்கு அங்கதம் என்று பெயரிட்டிருக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது ஒன்று, புகழ்போல் மறைத்துப் பழிப்பது இன்னொன்று என்று வகையும் பிரித்திருக்கிறது. அதை மேடைதோறும் முழங்கியவன் நான். கண்ணெதிரில் நின்றபோது அதை ஒற்றுமை என்றேன்.

நான் மட்டுமா பிழையாகப் பார்த்தேன்? ஒருநாள் நம் தலைவர் அரிசி வாங்க வந்தவர், என் குரல் கேட்டு மாடியேறி வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மாநாட்டு ஓவியத்தின்முன் நெடுநேரம் நின்றார். திரும்பியபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“பாத்தீங்களோ மாஸ்டர், ஒருத்தற்ற கை கூடப் பதியேல்லை. ஒரு இனத்துக்கு இதெல்லோ வேணும்!” உங்களிடம் திரும்பி, “எங்கட செயற்குழுவையும் இப்பிடியே கீறித் தருவீரோ தம்பி? மண்டபத்தில பெரிசா மாட்டுவம். ஒருத்தரையும் விடப்படாது” என்றார்.

“அந்தக் கதிரை வெறுமையா இருக்கே ஐயா?” என்று நீங்கள் கேட்டீர்கள்.

“அந்தாள் கக்கூசுக்குப் போட்டார் போல. எங்கட படத்தில அப்பிடி வேண்டாம்.”

சொல்லட்டுமா என்று உங்கள் புருவம் கேட்டது. வேண்டாமென்று என் விரல் வாய்க்குப் போனது. அவர் படியிறங்கியதும் இருவரும் வெடித்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நான் பட்டதை இனிச் சொல்கிறேன்.

முகங்களைக் குறித்துக்கொள்வதற்காக நீங்கள் நம் பொதுக்கூட்டத்துக்கு வந்தீர்கள். ஞாயிறு நண்பகல். மேடையில் பன்னிருவர், ஒவ்வொருவர் தோளிலும் பொன்னாடை. நான் ஒலிவாங்கியின்முன் நின்றேன். முன்வரிசையிலிருந்து பவானி எழுந்தார். பதினோராண்டு இந்த மண்டபத்தின் அடுக்களையில் சமைத்தவர். அதற்காக ஒரு துண்டும் போர்த்தப்படாதவர். கையில் தேநீர்க் குவளை இருந்தது.

“மேலறையில இருந்த மூண்டு பெடியளும் எங்க? ஆர் அவையளைப் போகச் சொன்னது?” என்று கேட்டார்.

இந்த மண்டபத்தின் மேலறைகள் எதற்கென்று இங்குள்ள மூத்தோர் அறிவீர்கள். ஏதிலியராய் வந்திறங்கி, அரசின் முடிவுக்குக் காத்திருப்போர் தலைசாய்ப்பதற்கென்றே அவற்றை ஒதுக்கினோம். நாமும் அப்படி வந்தவர்கள்தாம். விருந்தினர் அறை அமைக்கவேண்டுமென்று, அங்கிருந்த மூவரை ஒரே நாளில் வெளியேற்றியிருந்தது செயற்குழு. தை மாதக் குளிர். செயற்குழுவினர் அனைவரும் அறிவார்கள். நானும் அறிவேன்.

பவானி கேட்டு முடித்த கணத்தில் தலைவர் கைதட்டத் தொடங்கினார். நன்றி கூறுவது போன்ற கைதட்டல். மேடை தட்டியது, அவை தட்டியது. அவர் மறுபடி வாய் திறந்தார், குரல் கேட்கவில்லை. அப்போது நான் ஒலிவாங்கியை நெருங்கினேன். “ஐயம் என்பது அரணுக்குள் நுழைந்த அயலான்! ஒன்றுபட்டோர் அவையில் வினாவுக்கு இடமேது?” என்று இடிமுழக்கம் செய்தேன். கைதட்டல் இரட்டித்தது. பவானி குவளையை இருக்கையின்மேல் வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பிறகு அவர் இந்த வாசலை மிதிக்கவில்லை.

நீங்கள் கடைசி வரிசையில் இருந்தீர்கள். ஏழு திங்கள் கழித்து, “வந்து பாருங்கோ அண்ணை, முடிஞ்சுது” என்று அழைத்தீர்கள்.

பார்த்தேன். நம் மேடை. பன்னிரண்டு பொன்னாடைகள், கழுத்துவரை போர்த்தி, மனிதர்களைப் பொதிகளாக்கியிருந்தன. பன்னிரண்டு பொம்மைச் சிவப்பு முகங்கள். தட்டும் கைகள். அவையிலும் தட்டும் கைகள். முன்வரிசையில் ஓர் இருக்கை. அதன்மேல் ஆவி பறக்கும் குவளை. நடுவில், பிளந்த வாயும் மூடிய கண்களுமாய் நான்.

“என்ர கண் ஏன், ஐசே, மூடியிருக்கு?”

“அண்டைக்கு மூடித்தான் இருந்தது. நீங்கள் வடிவாக் கதைக்கேக்க கண்ணை மூடுறனீங்கள்.”

“இது நன்றி கெட்ட வேலை. உம்மை இந்தச் சபைக்குக் கூட்டிக்கொண்டு வந்தது நான்!”

“ஓம். அதுதான் உங்களை நடுவில கீறினனான்.”

என் குரல் கீழே கடைவரை கேட்டிருக்கும். அயல்நாட்டான் நம் வீட்டுக்குள் புகுந்து நம்மை இழிவுபடுத்துவதா என்று வெகுண்டேன். நீங்கள் தூரிகைகளைத் தைலத்தில் அலசிக்கொண்டிருந்தீர்கள். “சீனத்து ஆக்களைக் கீறேக்க சிரிச்சனீங்கள்” என்று மட்டும் சொன்னீர்கள். படத்தின் கடைசி வரிசையைத் தூரிகையின் காம்பால் தொட்டீர்கள். அங்கேயும் ஒரு சீன முகம் கைதட்டிக்கொண்டிருந்தது. “அண்டைக்கு நானும் தட்டினன். பழக்கம்.”

கண்ணையாவது திறந்துவிடும்படி இறுதியில் இரந்தேன். நீங்கள் துணியில் கையைத் துடைத்தீர்கள்.

“அவவைக் கூட்டி வாங்கோ, அண்ணை. வந்து அந்தக் கேள்வியைத் திரும்பக் கேக்கட்டும். கேட்டா, அந்தக் கதிரையில அவவைக் கீறுறன். உங்கட கண்ணையும் திறந்து விடுறன். ஒரு நாள் வேலை.”

ஒரு நாள் வேலை. நான் செய்யவில்லை.

ஓவியத்தின் திறப்பு விழாவில் நான் செய்ததை இந்த அவை மறந்திருக்காது. திரை விலகியதும் மண்டபத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. அது என்ன வெறுங்கதிரை என்று தலைவரே என் காதில் சினந்து கேட்டார். நான் உண்மையை உரைத்திருக்கலாம். ஒலிவாங்கியைப் பற்றினேன். “அந்த இருக்கை நாளைய தலைமுறைக்கு நாம் ஒதுக்கிய அரியணை! அந்தக் குவளையில் எழும் ஆவி ஆறாத தமிழுணர்வு!” என்றேன். மண்டபம் அதிர்ந்தது. தலைவர் என்னைத் தழுவிக்கொண்டார். அன்றுமுதல் மண்டபத்துக்கு வருகிற ஒவ்வொரு விருந்தினருக்கும் அந்த விளக்கத்தையே சொன்னார்கள்.

ஆகவே அவையோரே, அந்த இருக்கையின்மேல் முதற்பூச்சுப் பூசியவன் பெயர்ப்பலகைக்காரன் அல்லன். நான். என் பூச்சுக்கு ஏணியும் தூரிகையும் தேவைப்படவில்லை.

விழா முடிந்து வெளியேறுகையில் வாசலில் நின்றீர்கள், நண்பரே. “அண்ணை, உங்கட கதை என்ர படத்தை விட வடிவு” என்றீர்கள். உங்கள் முகத்தில் கேலி இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். களைப்புத்தான் இருந்தது. உங்கள் நாட்டில் வாங்கி மாட்டிச் சிரித்தார்கள். இங்கே வாங்கி மாட்டி வணங்கினோம். நீங்கள் இரண்டாம் முறை தோற்றீர்கள். தோற்கடித்தது நான்.

அதன்பின் உங்கள் கடைக்குப் போவதைக் குறைத்தேன். போனால் முருங்கைக்காயைப் பற்றிப் பேசினோம். சென்ற கார்த்திகையில், நீங்கள் மருத்துவமனையில் கிடக்கிறீர்களென்று கடைக்காரர் சொல்லித்தான் ஓடிவந்தேன். மூக்கில் குழாய். விரல் நகங்களின் ஓரத்தில் இன்னும் அந்தப் பொம்மைச் சிவப்பு. நான் ஏதோ பெரிய வாக்கியமொன்றைத் தொடங்கினேன். நீங்கள் கையை உயர்த்தி நிறுத்தினீர்கள்.

“அவ வந்தவவோ, அண்ணை?”

“இல்லை” என்றேன்.

தலையை அசைத்தீர்கள். அவ்வளவுதான் நாம் பேசியது. இரண்டு நாளில் இறந்துவிட்டீர்கள்.

மூன்று கிழமைக்கு முன் நடந்ததை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நம் உறுப்பினர் ஒருவரின் மகள் தன் ஓவியக் கல்லூரி விரிவுரையாளரை இங்கே அழைத்து வந்தாள். அவர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். பன்னிரண்டு பொதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்தார். பிறகு முன்வரிசைக்கு வந்ததும் அடங்கிவிட்டார். இந்த இருக்கையில் இருந்தவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். நாளைய தலைமுறை என்று தலைவர் தொடங்கினார். விரிவுரையாளர் தலையசைத்து மறுத்தார். நான்கு ஆண்டுகளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்.

அன்று மாலையே செயற்குழு கூடியது. “ஒரு சீனன் எங்கட சுவரிலயே எங்களை வைச்சுப் பகிடி பண்ணிப் போட்டான்!” என்று தலைவர் மேசையைக் குத்தினார். கழற்றி எறிந்தால் ஊர் கேட்கும். ஆகையால் ஓட்டையை அடைப்போம் என்று முடிவாயிற்று. கைதட்டினார்கள். நண்பரே, நான் தட்டவில்லை என்று பெருமைப்பட எனக்கு உரிமையில்லை. நான் எழுந்து மறுக்கவுமில்லை.

ஆனால் ஒன்று விளங்கியது. அவர்களுக்கு முதன்முறையாக வலித்தது. நான்காண்டு வணக்கத்தில் இறந்துகிடந்த உங்கள் படம் அன்று உயிரோடு எழுந்தது. அதனால்தான் அதைக் கொல்ல ஆள் பிடித்திருக்கிறார்கள்.

நேற்று நோர்பரிக்குப் போனேன். பவானி கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. நான் எழுதி வைத்திருந்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன்.

“மன்னிப்பையும் செந்தமிழில எழுதிக்கொண்டே வந்தனீங்கள், மாஸ்டர்?”

தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அதன்பின்தான் கதவை அகலத் திறந்தார். படத்தில் அவர் இருக்கை இருப்பதை அவர் அறிந்திருக்கவில்லை. கைப்பேசியில் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். “என்ர தேத்தண்ணிக் கோப்பையைக் கூட விடேல்லை மனுசன்” என்றார். கைப்பேசியைத் திருப்பித் தந்தார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

“அந்த மூண்டு பேரில ஒருத்தன் இங்க, என்ர முன்னறையில ஆறு மாசம் இருந்தவன். இப்ப வேலை செய்யிறான். மற்றவனைத் தேடிப் பிடிச்சன். ஒரு கடைக்குப் பின்னால மட்டைப் பெட்டியை விரிச்சுப் படுத்துக் கிடந்தவன். மூண்டாவது ஆள் இண்டுவரைக்கும் எங்க எண்டு தெரியாது. நீங்கள் ஆராவது தேடினனீங்களோ?”

“இல்லை.”

“அப்ப, படத்தில பெயின்ற் அடிச்சா என்ன, அடிக்காட்டி என்ன?”

உங்கள் நிபந்தனையை அவரிடம் சொன்னேன். ஓவியர் போய்விட்டார், இனி அந்த இருக்கையில் உங்களை வரைய ஆளில்லை என்றேன்.

“வரையத் தேவையில்லை. ஓம், வாறன். ஆனா அழுறதுக்கு வரமாட்டன், சால்வை போத்துறதுக்கும் வரமாட்டன். கேள்வி கேக்கத்தான் வருவன். இந்த முறை நீங்கள் நடுவில பேசப்படாது.”

நண்பரே, உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது மூடிய அந்த இரு கண்கள்தாம். பேசுவதற்கு எழும்போதெல்லாம் அவை என்மேல் அழுந்துகின்றன. வாக்கியம் அழகாக வரும் இடத்தில் இமை தானாகத் தாழ்வதை இப்போது உணர்கிறேன், உணர்ந்ததும் திறக்கிறேன். திறந்தால் முன்வரிசை தெரிகிறது. இந்த மடலைப் படிக்கும்போதும் பலமுறை திறந்தேன். நீங்கள் ஒரு நாள் வேலை என்றதற்கு நான் நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன். உங்கள் தூரிகைக்கு அந்த நாளைத் தர முடியாமற்போனது என் வாழ்நாள் பழி. அதைச் சுமக்கிறேன். எவரும் அதைத் தணிக்க வேண்டா.

அவையோரே!

மடல் முடிந்தது. இனி நான் சொல்வது வேண்டுகோள் அன்று.

பெயர்ப்பலகை எழுதும் ஐயா, உங்கள் ஏணியை மடக்கி வெளியே எடுத்துச் செல்லுங்கள். உங்கள்மேல் குற்றமில்லை. செயலாளர் அவர்களே, அந்தத் திரையை நீங்களே கழற்றுங்கள். தலைவர் அவர்களே, அமர்ந்திருங்கள், போகாதீர்கள். விடை சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள் அருகில் நானும் அமர்கிறேன், ஏனெனில் நானும் விடை சொல்ல வேண்டியவன். மூன்றாவது ஆளைத் தேடுவதற்கு இந்த மண்டபத்திலிருந்து யார் யார் நாளை காலை புறப்படுவது என்பது தெரியாமல் இந்தக் கூட்டம் கலையக்கூடாது.

கதவருகே நிற்பவர் பவானி. முன்வரிசையில் இருப்பவர்களே, எழுந்து அவருக்கு இடம் விடுங்கள். ஒலிவாங்கியை அவர் கையில் கொடுங்கள். இப்போதே.